மரகதத்தின் வலது முழங்கால்

ஆற்றுக்குத் தெற்கே, தேரடித் தெருவில், தெருவின் பாதியை ஒற்றை ஆளாய் விழுங்கிக்கொண்டு நிற்கிற வெள்ளிமலை ஜவுளி மாளிகையில், ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, கண்ணாடிக் கூண்டுக்குள் பட்டுச்சேலை கட்டி வருஷக்கணக்காகத் தெருவைப் பார்த்துச் சிரித்து நின்றுகொண்டிருந்த பொம்மை, வலது முழங்காலை மடக்கி, இடது முழங்காலையும் மடக்கி, கொசுவம் கசங்காமல் ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்றால் விழுந்தது இல்லை. விழுகிற பொம்மையை அந்தக் கடைக்குத் தெரியும். மூக்கு உடையும், தலைமுடி கழன்று பட்டு செக்‌ஷன் வரை உருளும். இது அப்படி இல்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் முடிந்து, அண்டாவெல்லாம் கவிழ்த்த பிறகு, பரிமாறின பெண் ஒருத்தி சுவரோரம் சரிந்து காலை நீட்டுவாளே, அந்த உட்காரல்.

முதலில் பார்த்தவள் சண்முகவடிவு. பட்டு செக்‌ஷனில் மூத்தவள் அவள்தான். காலையில் ஷட்டர் தூக்கியதும் பொம்மைக்குத் தூசி தட்டுவதும் அவள் வேலை. பச்சைச் சேலையோடு வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பொம்மையைக் கடைப் பெண்கள் மரகதம் என்றுதான் கூப்பிட்டார்கள். வடிவு சுவரைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, தன் முழங்காலைக் கெஞ்சி மடக்கி, மரகதத்தின் பக்கத்தில் குந்தினாள். சேலைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது. சூடும் இருந்தது.

"இத்தன நாளு எப்படிட்டி நின்ன," என்று கேட்டுவிட்டு, பாக்கித் தூசியையும் தட்டினாள்.

வடிவுக்கு ஆச்சரியம் வராததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடையில் விற்கிற ஆள் உட்காரக் கூடாது. ஷட்டர் ஏறியதிலிருந்து ஷட்டர் இறங்குகிறவரை நிற்க வேண்டும். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், ஈ வந்தாலும் நிற்க வேண்டும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை: விற்கிறவள் உட்கார்ந்தால் யாவாரம் உட்கார்ந்துவிடும். கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது முதலாளி மறுக்கவில்லை, உடனே ஸ்டூல்கள் வாங்கினார். வாங்கின பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் குடோன் பரணில் அடுக்கினார். ஆபீசர்கள் வருகிற அன்று ஸ்டூல்கள் இறங்கும், பெண்கள் உட்கார்ந்து சிரிப்பார்கள், ஆபீசர்கள் கலர் சோடா குடித்துவிட்டுப் படியிறங்கியதும் ஸ்டூல்கள் பரணேறும். மற்ற நாளெல்லாம் அவற்றில் உட்கார்ந்தது பல்லிகள்தான்.

ஆகவே கடையில் முழங்கால் இல்லாத பெண் இருந்தாலும் இருப்பாளே தவிர, முழங்கால் வலி இல்லாத பெண் கிடையாது என்று பில் போடுகிற ஜெசிந்தா சொல்வாள். சாப்பாட்டு அறையில் சாம்பார் வாசனைக்கு மேலே பூண்டெண்ணெய் வாசனை நிற்கும். ஒருத்தி முடக்கத்தான் கீரையை அரிசியோடு அரைத்துத் தோசை சுட்டு வருவாள், ஒருத்தி பிரண்டைத் துவையல் கொண்டுவருவாள், மைதீன் பாத்து கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெயைக் கண்மை டப்பாவில் வைத்திருப்பாள், வடிவு எருக்கிலையில் நல்லெண்ணெய் தடவி வாட்டி ராத்திரி கட்டிப் படுப்பாள். எல்லாம் கேட்கும். கேட்காமல் இல்லை. காலையில் முழங்கால் புதுப்பெண் மாதிரி மெத்தென்று எழுந்திரிக்கும். மத்தியானம் வரை நின்றதும் பழைய மாமியாராகிவிடும். எண்ணெய் இறக்கியதை நிற்பு ஏற்றிவிடும். சாயங்காலப் பேருந்தில் அவர்கள் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே மூக்கை உறிஞ்சி, "ஜவுளிக்கடை ஏறியாச்சா, ரைட்," என்று விசில் கொடுப்பான்.

முதலாளி தவசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். எதையும் மூன்று முறை சொன்னால்தான் அது நடக்கும் என்று நம்புகிற தொண்டை அவருக்கு.

"என்னது இது? என்னது இதுன்னு கேக்கேன். ஏ பால்துரை, என்னதுவே இது?"

சூப்பர்வைசர் பால்துரை, டையைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தான். "சார், ஆக்சுவலா சார், பொம்மை டோட்டலா உக்காந்திருக்கு சார்."

"எந்திரிக்கச் சொல்லு."

"பொம்மை சார்."

"பொம்மைன்னா எந்திரிக்காதோ? உக்காரத் தெரிஞ்சதுல்லா? உக்காரத் தெரிஞ்சதுக்கு எந்திரிக்கத் தெரியாதோ?"

பையன்கள் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். பிடித்திருந்தவரை நின்றாள் மரகதம். கையை எடுத்ததும் மடக் என்று ஒரு சத்தம், கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகில் கம்பு வைத்துக் கட்டினார்கள், கம்போடு உட்கார்ந்தாள். சுவரில் சாய்த்தார்கள், சுவரோடு வழுக்கி, போகிற வழியில் பால்துரையின் டையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி வாசலுக்கு வந்து திருநீறு பூசின நெற்றியில் அடித்துக்கொண்டார். "போச்சு. ஆடி மாசம் யாவாரம் உக்காந்துட்டு. உக்காந்தேபோச்சு."

ஆனால் தெரு அப்படி நினைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்ந்தபோது பொம்மை எப்படி உட்காரும் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. ஏன் உட்கார்ந்தாள் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு முழங்கால் வைத்திருக்கிற ஊர் அது. பார்த்த கணத்திலேயே புரிந்துவிட்டது. "நின்னே கெட்டா பாவம்," என்றது தெரு. அதற்கப்புறம் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான்: என்ன மருந்து போடுகிறீர்கள்?

எதிர்த்த அல்வாக்கடைக்காரர், வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கி, மோவாயை மேலே தூக்கி, எச்சில் சிந்தாமல் பேசினார். "நொச்சிவே. நொச்சியெலய வதக்கி, துணியில முடிஞ்சு, சூடு பொறுக்குத பதத்துல ஒத்தணும். மத்ததெல்லாம் ஏமாத்து."

ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் விசிலை எடுக்காமலே விசிலடிக்கிற குரலில் சொன்னார். "ஏமாத்தா? கல்லுப்பு. வறுத்த கல்லுப்பு. காலையில் ஒத்தடம், மாலையில் ஒத்தடம். முழங்காலை நீட்டு, மடக்கு. நீட்டு, மடக்கு. ரெஸ்ட்."

கறிக்கடை பாய் கூட்டத்தைத் தோளால் விலக்கி வந்தார். "ஆட்டுக்கால் சூப்பு குடுங்க அண்ணாச்சி, மொளகு தூக்கலா. எங்க மாமியா குடிச்சிட்டு ஓடுனாவ. நிறுத்தத்தான் முடியல."

சர்ச்சுக்குப் போகிற வழியில் நின்ற டெய்சி சிஸ்டர் கண்ணை மூடி, கையை மரகதத்தின் பக்கம் நீட்டினார். "கர்த்தர் சுகம் கொடுப்பார். அதுவரைக்கும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைத் தேய்ங்க."

மேலத்தெரு ஆச்சிமார் தூக்குவாளியில் உளுந்தங்களியே கிண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். கருப்பட்டி போட்டது, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினது. "இடுப்புக்கும் ஆச்சு, காலுக்கும் ஆச்சு. பொம்பளப்புள்ளைக்குக் களி குடுக்காம என்னத்த வேல வாங்குதிய அண்ணாச்சி?" என்று வைதுவிட்டு, வைத கையோடு உள்ளே போய் ஆளுக்கொரு சேலை எடுத்தார்கள்.

அண்ணாச்சி அதைக் கவனித்தார். மருந்து சொல்ல வந்தவர்கள் உள்ளே வந்தார்கள், உள்ளே வந்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அண்ணாச்சி தன் அப்பாவின் தேக்கு நாற்காலியை வீட்டிலிருந்து வரவழைத்து, சிவப்பு வெல்வெட் மெத்தை தைத்துப் போட்டு, மரகதத்தை அதில் உட்காரவைத்தார். கண்ணாடியில் தங்க எழுத்தில் ஒட்டச் சொன்னார்: மூட்டுவலி மரகதம், அனைவரும் வருக.

"இவ உக்காந்தா யாவாரம் நிமிருது," என்றார் பூரித்து. "நிமிருதுவே. நல்லா நிமிருது."

மரகதத்துக்கு மருந்து போடுகிற வேலை வடிவிடம் வந்தது. காலையில் ஒத்தடம், மத்தியானம் எண்ணெய், சாயங்காலம் பற்று போட்டு எருக்கிலைக் கட்டு. கூட்டம் பார்க்க, நாற்காலிக்கு முன்னால் மொசைக் தரையில் மண்டியிட்டு, தரைக்குள்ளிருந்து தன் முழங்கால் இரண்டிலும் ஊசி குத்த, பொம்மையின் முழங்காலை நீவிவிடவேண்டும். பார்க்கிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே உச்சுக்கொட்டுவார்கள். "கீழ தேய்க்கச் சொல்லுங்க, நரம்பு அங்கனதான் இருக்கு." "அந்த அக்காவுக்குத் தேய்க்கவே தெரியல." "பதமாத் தேயிம்மா, வலிக்கும்லா பாவம்." அந்தப் பாவம் வடிவின் தலைக்கு மேலாகப் போய் மரகதத்தின் மடியில் விழும். ஒரு நாளும் குறி தப்பி வடிவின் மேல் விழுந்ததில்லை.

கடைப் பெண்கள் தங்கள் பங்கை வேறு வழியில் எடுத்துக்கொண்டார்கள். களியும் சூப்பும் முடக்கத்தான் தோசையும் கூண்டுத் திரைக்குப் பின்னால் போகும், வெறும் பாத்திரம் திரும்பி வரும். ஜெசிந்தா உதட்டைத் துடைத்துக்கொண்டு, டெய்சி சிஸ்டர் குரலிலேயே சொல்வாள்: "மரகதம் நல்லாச் சாப்பிட்டா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." மைதீன் பாத்து, பால்துரை மாதிரிக் கழுத்தை நீட்டி, "ஆக்சுவலா, சூப்புல உப்பு டோட்டலா கம்மி சார்," என்பாள். வாயில் களியோடு எல்லோரும் சிரித்துத் திணறுவார்கள். நின்றபடிதான். சாப்பாட்டு அறையிலும் பெஞ்சு கிடையாது.

இதற்கிடையில் வடிவின் விரல் ஒன்றைக் கண்டுபிடித்தது. மரகதத்தின் முழங்காலில் சூடு தணிந்துகொண்டு வந்தது. வீக்கமும் நாளுக்கு நாள் வற்றியது. நொச்சி என்றார் அல்வாக்கடைக்காரர், கல்லுப்பு என்றார் மாஸ்டர், இரண்டு பேரும் அதற்காகத் தெருவில் முண்டா தட்டினார்கள். வடிவும் அதே நொச்சியை, அதே உப்பை, அதே எண்ணெயைத்தான் ராத்திரியில் தன் காலுக்குப் போடுகிறாள். அவள் கால் நாளுக்கு நாள் பூசணியாகிக்கொண்டு வருகிறது. இரண்டு காலுக்கும் நடுவில் வித்தியாசம் ஒரே ஒரு நாற்காலிதான்.

குணமான சேதி தெரிந்தால் அண்ணாச்சி நாற்காலியைப் பிடுங்கி மரகதத்தை நிறுத்திவிடுவார். ஆகவே வடிவு ஒரு ரவிக்கைத் துண்டை உருட்டி, சேலைக்கு அடியில் முழங்காலில் வைத்துக் கட்டினாள். வீக்கம் பழையபடி கும்மென்று ஆனது. "நீயாவது உக்காந்திருட்டி," என்றாள். மரகதத்தின் சாயம் போட்ட உதடு எப்போதும்போலச் சிரித்தது. ஆனால் அன்று அது கொஞ்சம் வடிவின் பக்கமாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் வடிவு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பரண்ல கெடக்க ஸ்டூலை எறக்கித் தாங்க. ஆள் வந்தா எந்திரிச்சுக்கிடுதோம். ஆள் இல்லாத நேரம் மட்டும் உக்காந்துக்கிடுதோம். முழங்கால் தாங்கல."

அண்ணாச்சி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முழங்காலைத் தாண்டித்தான் கண் போனது, நிற்கவில்லை. "ஏம்மா, அது பொம்ம. அது உக்காந்தா அதிசயம். அதிசயத்தப் பாக்க ஆள் வருது. நீ உக்காந்தா என்ன அதிசயம்? யாரு பாக்க வாரா? சொல்லு. யாரு வாரா?"

"பாக்கறதுக்கு இல்ல அண்ணாச்சி. வலிக்கு."

"எங்கம்மைக்குந்தான் வலிச்சுது. எருக்கெல கட்டுனாவ. எருக்கெல கட்டு, எருக்கெல."

பால்துரை அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவள் மகனைவிட மூன்று நான்கு வயது பெரியவன். மனதுக்குள் தம்பி என்றும் வாயால் சார் என்றும் அவனை அழைப்பது அவள் வழக்கம். "அக்கா, ஓப்பனாச் சொல்லுதேன். கால் நிக்க மாட்டேங்குன்னா தள்ளுபடி முடிஞ்சதும் வீட்டுல நின்னுக்கிடுங்க. நிக்கதுக்குப் புள்ளைங்க வரிசையில நிக்கு."

அன்று சாயங்காலப் பேருந்தில் வடிவுக்கு இடம் கிடைத்தது. காலேஜ் பெண் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காதில் இருந்த வயரைக் கூடக் கழற்றாமல் எழுந்து, "உக்காருங்க," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வடிவு உட்கார்ந்தாள். வீடு வரை அழுகை வந்துகொண்டே இருந்தது. எருக்கிலை பறிக்கப் போகவில்லை.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தெருவே கடைக்குள் புகுந்துவிட்ட மாதிரி கூட்டம். வடிவு மேல் தட்டிலிருந்து சேலை எடுத்து, கீழே விரித்து, மடித்து, மறுபடி எடுத்து, நடுவில் மரகதத்துக்கு மத்தியான எண்ணெய் போடக் கூண்டுக்குள் வந்தாள். மண்டியிட்டாள். தேய்த்தாள். எழுந்திரிக்கப் போனாள். வலது முழங்கால் வரவில்லை. இடது முழங்காலும் அதைப் பார்த்து வரவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துத் தொங்கினாள். எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்து மொசைக்கில் ஓடியது. கண்ணாடிக்கு வெளியே, "பொம்ம மேல சாயாதம்மா, அதுக்கு வலிக்கப்போவுது," என்றார் ஒருவர்.

அப்போது மரகதம் எழுந்தாள்.

மெதுவாக, கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு, ரவிக்கைத் துண்டு உருண்டு தரையில் விழ, பேருந்தில் எழுந்து இடம் விடுகிறவள் எப்படி ஒரு பக்கமாக நகர்ந்து கம்பியைப் பிடிப்பாளோ அப்படி நகர்ந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வடிவு நாற்காலியைப் பார்த்தாள். வெல்வெட்டில் மரகதம் உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் நீட்டினாள்.

பால்துரை கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். "எந்திரிங்கக்கா."

"மாட்டேன்."

"அக்கா, ஆளுங்க பாக்காங்க."

"பாக்கட்டும். பாக்க யாரு வாரான்னு கேட்டாவல்லா உங்க மொதலாளி. இன்னா வந்திருக்காவ. சொல்லுங்க தம்பி அவியட்ட."

தம்பி என்ற சொல் வாயால் வந்துவிட்டது. சார் அதற்கப்புறம் திரும்பி வரவே இல்லை.

அண்ணாச்சி வந்தார். மரகதத்தின் தோளைப் பிடித்து அழுத்தினார்; ஒரு காலத்தில் நிற்க மாட்டேன் என்ற முழங்கால் இப்போது மடங்க மாட்டேன் என்றது. வடிவின் பக்கம் திரும்பினார். "எந்திரி. எந்திரின்னு சொல்லுதேன். இப்ப எந்திரிக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத. வரவே வராத."

"நாளைக்கும் வருவேன் அண்ணாச்சி. வந்து இதுலதான் உக்காருவேன்."

அதுவரை கல்லாவில் பில் போட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா, பாதிப் பில்லை அப்படியே விட்டுவிட்டு, வரிசை முணுமுணுக்க, குடோன் ஏணியில் ஏறினாள். பரணிலிருந்து ஸ்டூல்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. மைதீன் பாத்து பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அந்தச் சரசர சத்தம் பட்டு செக்‌ஷனில் கிளம்பி, சுடிதார் வழியாக, துண்டு வேட்டி வழியாக, குழந்தைகள் உடை வரை போயிற்று. போன இடமெல்லாம் ஒருத்தி உட்கார்ந்தாள்.

"எல்லாவளும் போங்க," என்றார் அண்ணாச்சி. "போங்க எல்லாரும். பொம்மைகள நிக்க வச்சு யாவாரம் பண்ணுவேன். பொம்மைகள வச்சுப் பண்ணுவேனா மாட்டேனா பாருங்க."

மேல்மாடியில் மடக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கோட்டு போட்ட மாப்பிள்ளைப் பொம்மை உட்கார்ந்தது. சட்டை போட்ட தலையில்லாத பொம்மை, தலையில்லாதது பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தது. நைட்டிப் பொம்மைகள் ஜோடியாக உட்கார்ந்தன. ஃபிராக் போட்ட சின்னப் பொம்மை, அதற்கு ஒரு வலியும் இல்லை, மற்றவர்களைப் பார்த்து உட்கார்ந்தது.

மேலத்தெரு ஆச்சி ஒருத்திதான் முதலில் கூண்டுக்குள் எட்டி, வடிவின் நீட்டின காலைப் பார்த்தாள். பிறகு நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் வீங்கியிருக்கே. இத்தன நாளு சொல்லலியேட்டி."

"நீங்க கேக்கலியே ஆச்சி," என்றாள் வடிவு. "கண்டாங்கிச் சேலைதானே பாக்கிய? அந்தச் சேலக்கட்ட இங்கன தள்ளுங்க. நான் உக்காந்துதான் விரிப்பேன். நீங்களும் உக்காந்து பாருங்க."

ஆச்சி சேலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்த ஆச்சிக்கு ஒரு சேலை போதவில்லை. அன்று வாங்க வந்தவர்களும் விற்றவர்களும் மரகதம் தவிர்த்த பொம்மைகளும் உட்கார்ந்திருக்க, சேலைகள் மடியிலிருந்து மடிக்குப் போயின.

யாவாரம் உட்காரவில்லை. ஆனால் அண்ணாச்சியால் அதை நம்ப முடியவில்லை. ஒரு ஆளாவது நிற்காவிட்டால் கடை குடைசாய்ந்துவிடும் என்று அப்பா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே அவரே நின்றார். வாசல் நிலைப்படியில், கையைக் கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம், "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்று மூன்று மூன்று முறை சொல்லிக்கொண்டு நின்றார். மத்தியானம் சாப்பாடு வந்தது, நின்று சாப்பிட்டார். பிறகு ஒரு காலில் நின்று மறு காலை உதறினார். பிறகு மறு காலில் நின்று இந்தக் காலை உதறினார். பிறகு எந்தக் காலை உதறுவது என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில், நடக்கிறது தெரியாமல் நடந்து, கூண்டுக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தை ஒரே ஒரு தடவை சொன்னார்.

"வடிவு, அந்த எருக்கெல இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. எண்ணெயும் இருக்கு. ஆனா நின்னுக்கிட்டே கட்டுனா பிடிக்காது. நாங்க கட்டிப் பாத்தாச்சு. உக்காரணும்."

அண்ணாச்சி திரும்பி ஒரு இருக்கை தேடினார். ஜெசிந்தா ஸ்டூலில் இருந்தாள். மைதீன் பாத்து ஸ்டூலில் இருந்தாள். பால்துரை கூட, எப்போது எடுத்தானோ, டையைத் தளர்த்திவிட்டு ஒரு ஸ்டூலில் இருந்தான். மரகதம் நாற்காலி முதுகைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சியின் கண் கடைசியில் தன் அப்பாவின் தேக்கு நாற்காலிக்கு வந்து நின்றது.

வடிவு எருக்கிலையையும் எண்ணெய்க் குப்பியையும் நீட்டினாள். எழுந்திரிக்கவில்லை.

"தரை இருக்குல்லா அண்ணாச்சி," என்றாள். "சுவரப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா."